இடப்பக்கப் படியில் இறங்கலாம்

அந்தச் சுருள் உங்க காலை இடிக்குதா சார்? மன்னிச்சுக்கோங்க. இருங்க, ஜன்னல் பக்கமா நிமித்தி வெச்சுக்கிறேன். ஃப்ளெக்ஸ்தான், வேற ஒண்ணும் இல்ல. நாலுக்கு மூணு. நெல்லை ஜங்ஷன்ல ஒரு ஃப்ளெக்ஸ் கடையில டிசைன் பண்ற வேலை எனக்கு. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, எல்லாம் நம்ம கைதான். இது மட்டும் சொந்த வேலை.

முன் சீட்ல இருக்கிறது உங்க வீட்டம்மாவா? பிள்ளைங்க ரெண்டும் உங்களுதா? பெரியவ நல்லா வாயாடுறா. மடியில காத்தடிச்ச டியூப் வேற வெச்சிருக்கா, ஏறும்போதே பாத்தேன். அப்ப சித்தலக்கரைக்குத்தான் போறீங்க. உங்க போன்ல ஒரு படம் பாத்துட்டு இருந்தீங்களே, அதைக் கொஞ்சம் காட்டுங்க. எட்டிப் பாத்ததுக்குத் தப்பா நெனைக்காதீங்க. ஆத்துக்கரை, நடுவுல நாலுகால் மண்டபம், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கல்படி, இடது பக்கப் படியில செவப்புச் சேலை கட்டின பொண்ணு. ஆமா, அதேதான்.

அது நான் பண்ணின பக்கம் சார்.

படம் நான் எடுக்கல. பக்கம் பண்ணினது நான். 'ஊர்க்கோலம்'னு மெட்ராஸ்ல ஒரு மாசப் பத்திரிகை வந்துச்சு. சுற்றுலாப் பத்திரிகை. நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க, நின்னு போய் ஏழு வருஷம் ஆச்சு. பதினாலு வருஷம் அதுல நான் லே-அவுட் ஆர்ட்டிஸ்ட். பேரு கோதண்டம். ஆர்ட்டிஸ்ட் கோதண்டம்னா ராயப்பேட்டையில பாதி அச்சகத்துக்குத் தெரியும். சித்தலக்கரை வர இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு. நீங்க இதைக் கேட்டுட்டுத்தான் இறங்கணும்.

ஒரு சுற்றுலாப் பத்திரிகை எப்படி வருதுன்னு உங்களுக்குத் தெரியுமா? எல்லாரும் நெனைக்கிறாங்க, ஊர் அழகா இருக்கு, போட்டோ எடுத்தான், போட்டான்னு. அப்படி இல்ல. அந்தச் செவப்புச் சேலை இருக்கே, அது ஆபீஸ் சேலை. போட்டோகிராபர் பையில எப்பவும் மடிச்சு இருக்கும். பச்சைக்கு நடுவுல ஒரு செவப்பு இருந்தாதான் கண்ணு நிக்கும். எந்த ஊருக்குப் போனாலும் அங்க ஒரு பொண்ணைக் கெஞ்சிக் கூத்தாடி அதைக் கட்டவெச்சு, பாதி முகம் தெரியற மாதிரி எங்கயோ பாத்துட்டு நிக்கச் சொல்லுவார். ஒகேனக்கல்லுலயும் அதே சேலை, வால்பாறையிலயும் அதே சேலை. ஒரு வாசகர்கூட கண்டுபிடிக்கல. ஏன்னா யாரும் படத்தைப் பாக்கறதில்ல சார், படத்துக்குள்ள தன்னைப் பாக்குறாங்க.

எழுத்தும் அப்படித்தான். ரோடு கிடையாதுன்னா 'சாகசப் பயணம்'. இடிஞ்சு கிடந்தா 'பழமை மாறாத'. சாப்பாடே கிடைக்காதுன்னா 'எளிமையான கிராமத்து உணவு'. பயமுறுத்துற வார்த்தை ஒண்ணு வரக்கூடாது. வாசகன் டீ குடிச்சுட்டே புரட்டுறான், அவன் கையில இருக்கிற டீ ஆடக்கூடாதுன்னு எடிட்டர் சொல்லுவார். படத்துலயும் அதே சட்டம்தான். கரண்ட் கம்பி, குப்பைத்தொட்டி, கட்சிக் கொடி, போர்டு, எதுவும் இருக்கக்கூடாது. எல்லாத்தையும் நான் கம்ப்யூட்டர்ல தொடைச்சிருவேன். ஊர் குளிச்சுட்டு வந்து நிக்கிற மாதிரி இருக்கணும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். அது கோடை மலர். ஏப்ரல் கடைசி. பக்கமெல்லாம் முடிஞ்சு மறுநாள் அச்சுக்குப் போகணும். சித்தலக்கரைப் படம் வலது கைப் பக்கத்துல, முழுப் பக்கமா, பிரமாதமா உக்காந்திருந்துச்சு. அந்தப் பொண்ணு வலது பக்கப் படியில நிக்கிறா. கவனிங்க சார், வலது பக்கம். நின்னுகிட்டு இடது பக்கமாத் தண்ணியைப் பாக்குறா. அதாவது பத்திரிகைக்கு உள்ள பாக்குறா. அதுதான் முறை. படத்துல இருக்கிற ஆள் பக்கத்துக்கு உள்ளதான் பாக்கணும், வெளிய பாத்தா வாசகனும் வெளிய போயிருவான். இது நான் கண்டுபிடிச்சது இல்ல. எந்த ஆர்ட்டிஸ்டை வேணும்னாலும் கேளுங்க.

அப்ப ரங்கபாஷ்யம் வந்தார். விளம்பர மேனேஜர். ஒரு மலை ரிசார்ட்காரங்க முழுப் பக்க விளம்பரம் குடுத்துட்டாங்க, வலது பக்கம்தான் வேணும்கிறாங்கன்னார். வலது பக்கம்தான் சார் விக்கிற பக்கம். புரட்டும்போது கண்ணுல மொதல்ல படுறது அதுதான். சரின்னு சித்தலக்கரையை இடது பக்கத்துக்கு நகத்தினேன். நகத்தினா என்ன ஆகுது? பொண்ணு இப்ப பத்திரிகைக்கு வெளிய பாக்குறா. பாக்கவே சகிக்கல. திருப்பிட்டேன்.

திருப்புறதுன்னா கண்ணாடியில தெரியற மாதிரி. ஒரு பட்டனை அமுக்கினாப் போதும். வலது இடதாகும், இடது வலதாகும். எல்லாரும் பண்றதுதான். மலையைத் திருப்பினா மலை கோவிச்சுக்கப் போகுதா? பொண்ணு இப்ப இடது பக்கப் படியில நின்னு வலது பக்கமாப் பாக்குறா, ரிசார்ட் விளம்பரத்தையே பாக்குற மாதிரி இருந்துச்சு. ரங்கபாஷ்யம் என் தோளைத் தட்டிட்டுப் போனார். பொண்ணு இல்லாத அந்த இன்னொரு படி ஓரத்துல துருப்பிடிச்ச தகரப் போர்டு ஒண்ணு இருந்துச்சு, அதையும் எடுத்துட்டேன். அது எப்பவும் எடுக்கறதுதான்.

என்ன எழுதியிருந்துச்சுன்னா கேக்குறீங்க? போர்டுலயா? ஊராட்சி போர்டு. எல்லா ஊர்லயும் இருக்கிறதுதான். விடுங்க.

கேளுங்க, இதுதான் முக்கியம். நிருபர் கட்டுரையில சரியாத்தான் எழுதியிருந்தார். வலப்பக்கப் படியில் மட்டும் இறங்க வேண்டும், இடப்பக்கம் ஆழமான மடுன்னு. மடுன்னா ஆத்துக்குள்ள இருக்கிற பள்ளம். கோடையிலகூட ரெண்டாள் ஆழம் நிக்கும். மூணு படிதான் தெரியும், நாலாவது படி கிடையாது. அந்த மடு வரியை உதவி ஆசிரியர் வெட்டிட்டார். டீ ஆடும்ல. படக்குறிப்பு எழுதும்போது என்கிட்ட வந்து கேட்டார். "அண்ணே, கட்டுரையில வலப்பக்கம்னு இருக்கு, படத்துல பொண்ணு இடப்பக்கம் நிக்கிறா, எது சரி?"ன்னார். நான் வேலையில இருந்தேன். இன்னும் இருபது பக்கம் கெடக்கு. "படத்தைப் பாத்து எழுதுய்யா"ன்னேன். கட்டுரையிலயும் இடப்பக்கம்னு மாத்திட்டு, குறிப்பு எழுதினார். 'இடப்பக்கப் படியில் இறங்கலாம். முழங்கால் அளவு தண்ணீர், குழந்தைகளும் குளிக்கலாம்.' உங்க போன்ல படத்துக்குக் கீழ இருக்கே, அதே வரிதான். பதினோரு வருஷமா ஒரு எழுத்து மாறல.

நான் மட்டுமா பண்ணினேன்? நீங்களே சொல்லுங்க. வரியை வெட்டினது ஒருத்தர், பக்கத்தை மாத்தினது ஒருத்தர், குறிப்பு எழுதினது ஒருத்தர். நான் என் வேலையைப் பண்ணினேன்.

மே மாசம் பாளையங்கோட்டையிலருந்து ஒரு குடும்பம் போயிருக்கு. தவசிமுத்துன்னு ஒரு டிராயிங் வாத்தியார், அவர் சம்சாரம், ஒரே பொண்ணு பியூலா. பி.எட். முடிச்ச பொண்ணு, இருபத்திரெண்டு வயசு. வாத்தியார் எங்க பக்கத்தைக் கிழிச்சு, நாலா மடிச்சு, சட்டைப் பையில வெச்சுக்கிட்டுப் போயிருக்கார். கரையில நின்னு பிரிச்சுப் பாத்து, மண்டபத்தைப் பாத்து, படியைப் பாத்து, "இதுதான் பாப்பா, இறங்கு"ன்னிருக்கார். அவ்வளவுதான் சார். மறுநாள் காலையில ரெண்டு மைல் தள்ளிக் கிடைச்சா.

தண்ணி இருக்கா உங்ககிட்ட? ஒரு வாய் குடுங்க.

ஆகஸ்ட் மாசம் ஆபீஸுக்கு ஒரு லெட்டர் வந்துச்சு. அவர் எழுதினது. டிராயிங் வாத்தியார் கையெழுத்து, அச்சடிச்ச மாதிரி இருக்கும். மொத வரி, 'தங்கள் இதழின் கட்டுரைகளும் படங்களும் மிக நேர்த்தி.' அப்படித்தான் ஆரம்பிச்சிருந்தார், பழைய ஆளுங்க மரியாதை விடமாட்டாங்க. அதுக்கப்புறம்தான் நடந்ததை எழுதியிருந்தார். திட்டல சார். ஒரு வார்த்தை திட்டல. கடைசியில ஒரே ஒரு கேள்வி. 'நான் முப்பத்தாறு வருடம் ஓவிய ஆசிரியனாக இருந்தவன். படத்தை நான் சரியாகத்தான் பார்த்தேனா, அல்லது இடம் வலம் மாற்றிப் பார்த்துவிட்டேனா என்பதை மட்டும் தெரிவித்தால் போதும்.'

எடிட்டர் படிச்சார். பதில் போட்டா நம்ம தலையில விழும், வேண்டாம்னார். லெட்டரை மேஜையில போட்டார். அது எப்படியோ வாசகர் கடிதக் கட்டுக்குள்ள போயிருச்சு. அந்தப் பக்கத்துக்கு ஒரு வழக்கம் உண்டு, பாராட்டை மட்டும் எடுத்துக்கிட்டு மிச்சத்தை வெட்டிருவோம். யாரு வெட்டினாங்களோ, மொத வரியைத் தாண்டிப் படிக்கல. அடுத்த இதழ்ல வந்துச்சு. 'தங்கள் இதழின் கட்டுரைகளும் படங்களும் மிக நேர்த்தி. தவசிமுத்து, ஓவிய ஆசிரியர், பாளையங்கோட்டை.' சுத்திப் பூ பார்டர் போட்டு நான்தான் சார் அந்தப் பக்கத்தை முடிச்சேன். பேரைப் பாத்தேன். அச்சுக்குப் போற நேரம். எடுத்தா அங்க ஓட்டை விழும். விட்டுட்டேன்.

அவர் கேட்டதுக்கு நாங்க குடுத்த பதில் அதுதான்.

அப்புறம் பத்திரிகை நின்னுச்சு. எல்லாரும் போன்லயே ஊர் பாக்க ஆரம்பிச்சுட்டாங்க. நான் சம்சாரத்தோட ஊருன்னு நெல்லைக்கு வந்துட்டேன். பத்திரிகை செத்துச்சே தவிர அந்தப் படம் சாகல. ஒரு ஓட்டல் காலண்டர்ல வந்துச்சு, வாட்ஸப்புல வந்துச்சு, 'நெல்லைக்கு அருகே யாருக்கும் தெரியாத சொர்க்கம்'னு தலைப்பு போட்டு இன்னிக்கும் வருது. ஒரிஜினல் எங்கயும் கிடையாது. ஆபீஸ் கம்ப்யூட்டரெல்லாம் பழைய இரும்புக்குப் போயிருச்சு. திருப்பின படம் மட்டும்தான் சார் உலகத்துல இருக்கு. இது திருப்பின படம்னு எத்தனை பேருக்குத்தான் எழுதிப் போடுறது? எழுதினேன். அதுக்குக் கீழ ஒருத்தன் சிரிப்புப் பொம்மை போட்டான்.

அவர் லெட்டரை அப்பவே கட்டுலருந்து எடுத்து நான் வெச்சிருந்தேன். மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒருநாள், அவருக்கு ஒரு பதில் சொல்லிட்டா எனக்கும் தூக்கம் வரும், அவருக்கும் பாரம் எறங்கும்னு தோணுச்சு. அட்ரஸ் தேடிப் போயிட்டேன். சின்ன வீடு. அவரே கதவு தொறந்தார். யாருன்னு சொன்னதும் கோவப்படுவார்னு நெனச்சேன். "ஊர்க்கோலமா? மெட்ராஸ்லேருந்தா வாரீங்க? உள்ள வாங்க சார். சலோமி, காப்பி போடு. பத்திரிகைக்காரங்க வந்திருக்காங்க"ன்னார். எனக்கு உக்காரவே முடியல.

சொன்னேன். படத்தைத் திருப்பினது நான்தான் சார், நீங்க சரியாத்தான் பாத்தீங்கன்னு சொன்னேன். அவர் மெதுவாச் சிரிச்சார். "என் மனசு ஆறணும்னு சொல்லுதீங்க. எட்டு வருஷமா நான் ஒரு நாளைக்கு ஒரு தடவ பாத்துட்டுத்தான் இருக்கேன். படம் பொய் சொல்லாது சார், நான்தான் மாத்திப் பாத்துட்டேன்"ன்னார். பீரோவுலருந்து அந்தப் பக்கத்தை எடுத்துட்டு வந்தார். மடிப்புல எல்லாம் செல்லோடேப் போட்டு ஒட்டியிருந்துச்சு.

நம்பமாட்டேங்கிறாரேன்னு நான் ஆதாரம் காட்டினேன். இதுல ஒரு தொழில் ரகசியம் இருக்கு சார், உங்க போன்லயும் பாருங்க. அந்தப் பொண்ணோட முந்தானை எந்தத் தோள்ல கெடக்கு? பெருசு பண்ணிப் பாருங்க. வலது தோள்ல. இந்தக் காலத்துல யாரு சார் வலது தோள்ல முந்தானை போடுறா? எல்லாம் இடது தோள்தான். திருப்பினதால மாறி நிக்குது. இதைவிட என்ன சாட்சி வேணும்? அவர்கிட்ட விரல் வெச்சுக் காட்டினேன். எனக்குச் சந்தோஷமாக்கூட இருந்துச்சு, பாரத்தை எறக்கிட்டோம்னு.

அவர் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுப் போட்டுக்கிட்டுப் பாத்தார். ரொம்ப நேரம் பாத்தார். காப்பி ஆறிப்போச்சு.

"இது அப்பவே இதுல இருந்துச்சா?"ன்னார்.

"இருந்துச்சு சார். இதே படம்தானே."

"அப்ப நான் பாத்திருக்கணும்"ன்னார். "ஒரு வாரம் இத வெச்சுப் பாத்தேன். எத்தன பயலுவளுக்குச் சொல்லிக் குடுத்திருப்பேன், மொதல்ல பாரு, அப்புறம் பென்சிலத் தொடுன்னு. கண்ணு முன்னாடியே கெடந்திருக்கு. பாத்திருந்தா எம்பிள்ள இருந்திருப்பா."

அதுவரைக்கும் அவருக்கு ஒரு சந்தேகம்தான் இருந்துச்சு. நான் போய் அதை உறுதி பண்ணிக் குடுத்துட்டு வந்திருக்கேன். நல்லது பண்ணத்தான் போனேன். சத்தியமா நல்லது பண்ணத்தான் போனேன்.

கிளம்பும்போது வாசல்வரைக்கும் வந்தார். "சார், படத்துல வேற ஏதாவது மாத்துனீங்களா?"ன்னு கேட்டார்.

"இல்ல சார்"னேன்.

அந்தம்மா கேட்டுக்கு வெளிய வந்து, அவர் காதுல விழாம, "நீங்க வராமலே இருந்திருக்கலாம்யா"ன்னாங்க.

அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அவர் சித்தலக்கரைக்கு வந்துடறார். காலையில மொத பஸ், சாயங்காலம் கடைசி பஸ். இடது பக்கப் படிக்கு மேல நின்னுக்கிட்டு, வர்றவங்களை அந்தப் பக்கம் போங்கன்னு திருப்பி விடுறார். மழைன்னாலும் நிப்பார், வெயில்னாலும் நிப்பார். சனங்க லேசுல கேக்குறாங்களா? போனை நீட்டி, "தாத்தா, இதுல இடப்பக்கம்னுதானே போட்டிருக்கு"ங்கிறாங்களாம். என் பக்கத்தை அவர் மூஞ்சிக்கு நேரா நீட்டுறாங்க. அவர் ஒவ்வொருத்தருக்கும் முந்தானையைக் காட்டி விளக்குறாராம். போன வருஷம் அவர் வராத ஒரு புதன்கிழமை, தூத்துக்குடிப் பையன் ஒருத்தன் போயிட்டான்.

நான் எப்படிப் பாத்தேன்னா கேக்குறீங்க? இந்த ஜன்னல்லருந்துதான். ஞாயித்துக்கிழமை நானும் இந்த பஸ்ல வர்றேன். பாலத்து முனையில ரெண்டு நிமிஷம் நிக்கும். நல்லாத் தெரியும்.

இந்த ஃப்ளெக்ஸா? ஆமா, எச்சரிக்கைப் பலகைதான். ஆறு மாசமாச்சு அடிச்சு. கட்டணும். மொதல்ல கயிறு கொண்டு வர மறந்துட்டேன். அப்புறம் ஆத்துல வெள்ளம். அப்புறம் யோசிச்சேன், போர்டு வந்துட்டா அவருக்கு அங்க நிக்கிற வேலை இல்லாமப் போயிருமே, அந்த மனுஷனுக்கு அதுவும் இல்லேன்னா என்ன ஆவார்னு. அவருக்காகத்தான் சார் பாக்குறேன்.

நீங்க அப்படிப் பாக்காதீங்க.

சரி. படிச்சேன் சார். அந்தத் தகரப் போர்டைப் படிச்சேன். திருப்பினதும் எழுத்தெல்லாம் இடம் வலமா மாறி வந்துச்சு, அதை அப்படியே விட்டா படம் திருப்பினதுன்னு யாருக்கும் தெரிஞ்சிரும். அதான் எடுக்கணும்னு பெருசு பண்ணினேன். பண்ணும்போது படிக்காம எப்படி இருக்க முடியும்? 'ஆழமான மடு. இங்கே இறங்காதீர்.' துருவுக்கு நடுவுல தெளிவாத்தான் இருந்துச்சு. படத்துல பக்கத்துல இருந்த கல்லையே நகல் எடுத்து அது மேல ஒட்டினேன். பத்து நிமிஷ வேலை. நெசப் போர்டு, படம் எடுத்தப்புறம் வந்த ஐப்பசி வெள்ளத்துலயே போயிருச்சாம், இது எனக்கு அப்புறம்தான் தெரியும். கரையிலயும் போர்டு இல்ல. அந்த எழுத்து மிச்சம் இருந்தது அந்தப் படத்துல மட்டும்தான். வாத்தியார் சட்டைப் பையில இருந்திருக்க வேண்டியது.

வேற ஏதாவது மாத்துனீங்களான்னு அவர் கேட்டாரே, அப்ப இதைச் சொல்லியிருந்தா அவர் தன்னை விட்டுட்டு என்னைப் புடிச்சிருப்பார். இல்லேன்னுட்டேன்.

அதோ, பாலம் வந்துருச்சு. இந்தப் பக்கம் குனிஞ்சு பாருங்க. மண்டபம் தெரியுதா? இடது படிக்கு மேல, கறுப்புக் குடை. வெள்ளை வேட்டி. அவர்தான். அவர் நிக்கிற எடத்தைப் பாருங்க சார். கரை முழுக்க எடம் கெடக்கு, சரியா அந்தப் போர்டு இருந்த எடத்துல வந்து நிக்கிறார். அங்க ஒண்ணு இருந்துச்சுன்னு அவருக்கு யாரும் சொல்லல.

இறங்குங்க, பிள்ளைங்களைப் பத்திரமாப் புடிச்சுக்கோங்க. ஆத்தைப் பாத்து நின்னா வலது கைப் பக்கம். சோறு திங்கிற கை. படத்தைப் பாக்காதீங்க, கையைப் பாருங்க.

ஃப்ளெக்ஸைக் குடுங்க, நான் கட்டிடறேன்னா சொல்றீங்க? வேண்டாம் சார். இல்ல, வேண்டாம், கையை எடுங்க. இதுல இன்னும் கொஞ்சம் வேலை இருக்கு. எழுத்து ஒரு பக்கமா ஒதுங்கிப் போச்சு, இடைவெளி சரியா வரல. அடுத்த வாரம் திருத்திக் கொண்டு வந்துடறேன்.

நானா? நான் இறங்கல. எனக்குக் கடைசி ஸ்டாப் வரைக்கும் டிக்கெட்.